வீட்டுக்கு ஏற்ற வாயிற்கதவு

ஈப்போ வட்டாரத்தின் எந்த வீடமைப்புப் பகுதிக்குச் சென்றாலும், வரிசை வீடுகளின் முன்னே பலவகை வாயிற்கதவுகளைக் காணலாம். பூவேலைப்பாடு கொண்ட இரும்புக் கதவு, பளபளக்கும் எவர்சில்வர் கதவு, மரத்தைப் போன்ற தோற்றமுடைய அலுமினியக் கதவு, பொத்தானை அழுத்தியதும் தானே திறக்கும் மின்கதவு எனப் பல உண்டு. புதிய வீட்டில் குடியேறும் பலர் அடுத்த வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு அதைப் போன்ற ஒன்றையே செய்யச் சொல்கின்றனர். ஆனால், ஒரு வீட்டுக்குப் பொருந்திய கதவு மற்றொரு வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

வாயிற்கதவுக்கு மூன்று கடமைகள் உண்டு. வேண்டாதவரை உள்ளே விடாமல் தடுப்பது முதற்கடமை. வேண்டிய நேரத்தில் தடையின்றித் திறப்பது இரண்டாவது. திறக்கும்போதும் மூடும்போதும் எவருக்கும் காயம் விளைவிக்காமல் இருப்பது மூன்றாவது. கதவு வாங்குவோர் பெரும்பாலும் முதற்கடமையையே நினைக்கின்றனர். மற்ற இரண்டும் உயிர்காக்கும் கடமைகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

லயத்திலிருந்து தாமானுக்கு

பேராக் மாநிலத் தமிழர்களில் பலருடைய முன்னோர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். அங்கே லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வீட்டுக்கு வீடு வேலியோ தனி வாயிற்கதவோ இல்லை. வாசலில் கோலமிட்டால் அது எல்லாரும் நடக்கும் பாதையின் ஓரமாகவே இருக்கும். மகிழுந்து வைத்திருந்தோரும் மிகச் சிலரே. ஒருவர் வீட்டுப் பிள்ளையை அடுத்த வீட்டார் கவனித்துக்கொண்டனர். அண்டை அயலாரின் கண்களே அன்று காவலாக இருந்தன.

தோட்ட மக்கள் வேறொரு வகை வாயிற்கதவையும் அறிந்திருந்தனர். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் அருகே ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960ஆம் ஆண்டுவரை நீடித்தது. அக்காலத்தில் காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றியும் முள்வேலி எழுந்தது. வேலியின் வாயிலில் காவலர்கள் நின்றனர். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேராதபடி, வெளியே செல்வோர் சோதிக்கப்பட்டனர். வாயில் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை உள்ளே வாழ்ந்தவர்கள் முடிவு செய்யவில்லை.

பின்னர், தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைத் தோட்டங்களாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் தாமான்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறினர். தம் விருப்பப்படி திறந்து மூடக்கூடிய வாயிற்கதவு பல குடும்பங்களுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அதனால், அதை அழகாகவும் உறுதியாகவும் அமைக்க விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தோடு சிந்தனையும் சேர வேண்டும்.

அளந்த பின்னரே முடிவு

கதவின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர் இடத்தை அளக்க வேண்டும். வாயிற்கதவுகளை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். இரண்டு பக்கமும் கீலில் தொங்கி, உள்நோக்கித் திறப்பது இரட்டைக் கதவு. தண்டவாளத்தின் மேல் சக்கரத்தால் பக்கவாட்டில் நகர்வது நகர்கதவு. ஒவ்வொரு பக்கமும் இரண்டாக மடிந்து ஒதுங்குவது மடிப்புக் கதவு.

எடுத்துக்காட்டாக, 20 அடி அகலமுள்ள ஒரு வரிசை வீட்டை நோக்கலாம். அதன் வாயில் திறப்பு 12 அடி. நகர்கதவு முழுவதுமாகத் திறக்க வேண்டுமானால், பக்கத்தில் மேலும் 12 அடி நீளச் சுவர் இருக்க வேண்டும். ஆனால், மீதமிருப்பது 8 அடி மட்டுமே. ஆகவே, சாதாரண நகர்கதவு அங்கே பொருந்தாது. மூலை வீடுகளுக்கும் தனி வீடுகளுக்கும் அது ஏற்றது.

அதே வீட்டில் இரட்டைக் கதவு பொருத்தினால், ஒவ்வொரு கதவும் 6 அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர் இருக்கும். கார் நிறுத்துமிடத்தின் நீளம் 20 அடி, அதாவது 6.1 மீட்டர் என்று கொள்ளலாம். அங்கே நிறுத்தப்படும் புரோட்டோன் சாகா காரின் நீளம் ஏறத்தாழ 4.33 மீட்டர். காரின் முன்பகுதி வீட்டுச் சுவரைத் தொடும் அளவுக்கு நிறுத்தினாலும், பின்னால் மிஞ்சும் இடம் 1.77 மீட்டர்தான். காரைப் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினால், அந்தப் பக்கக் கதவு காரின் பின்மூலையில் இடிக்கும். ஆறு சென்டிமீட்டர் குறைவினால் ஒவ்வொரு நாளும் கதவை மூட முடியாமல் திண்டாட நேரிடும். இத்தகைய வீட்டுக்கு மடிப்புக் கதவே பொருத்தம். அது மடியும்போது ஒவ்வொரு துண்டும் 3 அடிதான் இருக்கும்.

நிலத்தின் சரிவையும் பார்க்க வேண்டும். சாலையிலிருந்து வீட்டை நோக்கித் தரை உயர்ந்து சென்றால், உள்நோக்கித் திறக்கும் கதவின் அடிப்பாகம் தரையில் உரசும். அதற்காகக் கதவைச் சாலைப் பக்கம் திறக்குமாறு அமைக்கக் கூடாது. அது நடந்து செல்வோர்மீதும் மோட்டார் சைக்கிள்மீதும் மோதக்கூடும். பொது இடத்தையும் ஆக்கிரமிக்கும். கதவின் அடிப்பாகத்தை உயர்த்துவது, தரையைச் சீராக்குவது, மடிப்புக் கதவைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை பாதுகாப்பான வழிகளாகும்.

பெரிய கதவோடு, ஆள் நடந்து செல்லும் சிறு கதவு ஒன்றும் இருப்பது நல்லது. முதியவர் ஒருவர் நாளிதழ் வாங்கவோ பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவோ பெரிய கதவு முழுவதையும் திறக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலி நுழையும்படி அதன் அகலம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இருந்தால், வீட்டில் எவரேனும் நோயுற்ற காலத்திலும் அது உதவும்.

மழைக்குத் தாங்கும் பொருள்

ஈப்போவில் ஓர் ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. காற்றிலும் ஈரம் மிகுதி. இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் துரு தோன்றும். ஆகவே, பேராக் மண்ணில் வாயிற்கதவின் முதல் எதிரி மழைதான்.

சாதாரண இரும்புக் கதவு விலை குறைந்தது; எளிதில் பற்றவைத்துப் பழுதுபார்க்கலாம். ஆனால், அதற்குச் சாயப் பூச்சு மாறாமல் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு இதைவிட நீண்டகாலம் உழைக்கும். துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. எனினும், பற்றவைக்கும் இடங்களில் வெப்பத்தால் அப்பூச்சு எரிந்துவிடும். அந்த இணைப்புகளில் துத்தநாகம் கலந்த சாயத்தை மறுபடியும் பூசாவிட்டால், துரு அங்கிருந்துதான் தொடங்கும். உள்ளீடற்ற குழாய்களுக்குள் மழைநீர் புகுந்து தங்கினால், கதவு வெளியே அழகாகத் தெரிந்தாலும் உள்ளேயே அரிக்கப்படும். குழாயின் மேல்வாயை நன்றாக மூடி, அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை விட வேண்டும்.

எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு குரோமியம் கலந்தது. குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கி எஃகைக் காக்கிறது. இந்த எஃகிலும் தரங்கள் பல. 304 எனும் தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 201 எனும் தரத்தில் நிக்கல் குறைவு, அது மலிவானது, ஆனால் விரைவில் கறை படியும். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரேமாதிரி பளபளக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தும் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. ஆகவே, எந்தத் தரத்து எஃகு, குழாயின் தடிப்பு எத்தனை மில்லிமீட்டர் ஆகிய விவரங்களை விலைப்பட்டியலில் எழுதித் தரும்படி கேட்பதே அறிவுடைமை.

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால், மெல்லிய தகடாக இருந்தால் எளிதில் நசுங்கும். மரம் அழகானது, எனினும் மழையும் கறையானும் அதற்குப் பகை. 'மலிவு' என்று வாங்கிய பொருள் அடிக்கடி பழுதானால் இறுதியில் அதுவே விலையுயர்ந்ததாகிவிடும்.

தூணும் நிலமும்

கதவின் உறுதி கதவில் மட்டும் இல்லை. அதைத் தாங்கும் தூணில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கதவின் எடை 60 கிலோகிராம், அகலம் 1.8 மீட்டர், இரண்டு கீல்களுக்கும் இடையிலுள்ள தூரம் 1.2 மீட்டர். கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 0.9 மீட்டர் தொலைவில் அழுத்துகிறது. ஆகவே, மேல்கீலைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை ஏறத்தாழ 45 கிலோகிராம் எடைக்குச் சமம். இந்த இழுப்பு இரவும் பகலும் ஓயாமல் தூணின்மீது இருந்துகொண்டே இருக்கும். கதவு அகலமாக அகலமாக எடையும் கூடும், நெம்பும் தூரமும் கூடும். அகலம் இரு மடங்கானால் தூணை நெம்பும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்வோர் இன்னொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஈயச் சுரங்கப் பகுதியாக இது விளங்கியது. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அந்நிலங்கள் சிலவற்றில் வீடுகள் எழுந்தன. தோண்டி நிரப்பப்பட்ட மணலும் சேறும் சில இடங்களில் மெல்ல அமிழும். அத்தகைய நிலத்தில் ஆழமற்ற அடித்தளத்தின் மேல் நிற்கும் தூண் சாயக்கூடும். தூண் சிறிது சாய்ந்தாலே தாழ்ப்பாள் பொருந்தாது. கதவு தரையைத் தேய்க்கும்.

எனவே, பழைய செங்கல் தூணில் புதிய கனமான கதவைத் தொங்கவிடுவதற்கு முன், அதனுள் இரும்புக் கம்பியும் உறுதியான அடித்தளமும் உள்ளனவா என்று விசாரிக்க வேண்டும். புதிய கான்கிரீட் தூண் அமைத்தால் உடனே கதவைப் பொருத்தக் கூடாது. கான்கிரீட் இறுகி முழு வலிமை பெறுவதற்கு 28 நாள்கள் எனக் கணக்கிடுவர். குறைந்தது ஒரு வாரமாவது ஈரம் காக்கப்பட்டுத் தூண் இறுகிய பிறகு வேலையைத் தொடர்வதே முறை.

உயிர் காக்கும் சிறு பாகங்கள்

12 அடி நீளமுள்ள இரும்பு நகர்கதவின் எடை நூறு கிலோகிராமையும் தாண்டக்கூடும். அது தண்டவாளத்தின் முடிவைக் கடந்து நகர்ந்தாலோ மேலே பிடித்திருக்கும் வழிகாட்டி உருளை கழன்றாலோ கதவு அப்படியே சாய்ந்து விழும். கதவைத் தள்ளி விளையாடும் குழந்தைக்குத் தப்பிக்க நேரமிருக்காது. இதைத் தடுக்கும் பாகங்கள் விலையுயர்ந்தவை அல்ல. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் உறுதியான தடுப்புகள் வேண்டும். கதவு சாயாதபடி மேற்பகுதியில் உருளைகள் வேண்டும். இவை இல்லாத நகர்கதவை, வேலை முடிந்துவிட்டதாக வீட்டார் ஏற்கக் கூடாது.

மின்கதவுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. 2010ஆம் ஆண்டு பிரிட்டனில், ஒரே வார காலத்துக்குள் இரண்டு சிறுமியர் வெவ்வேறு ஊர்களில் மின்கதவுகளில் நசுங்கி உயிரிழந்தனர். அந்தத் துயரங்களுக்குப் பிறகு அங்கே மின்கதவுகளின் பாதுகாப்புக் குறித்துக் கடுமையான எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. மனிதனைப் போல மோட்டாருக்குக் கண் இல்லை. அதற்குக் கண்ணாக ஓர் உணரியைப் பொருத்த வேண்டும். ஒளிக்கதிர் உணரி பொருத்தப்பட்ட கதவு, குறுக்கே ஆளோ பொருளோ இருந்தால் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும். எதிலேனும் மோதியதும் திரும்பிச் செல்லும் வசதியும் மோட்டாரில் இருக்க வேண்டும். பொருத்துநர் வீட்டைவிட்டுச் செல்லும் முன், ஓர் அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்து இதைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம்.

ஈப்போவில் இடியும் மின்னலும் அடிக்கடி வரும். மின்னலால் ஏற்படும் திடீர் மின்னழுத்தம் கதவின் மின்பலகையைக் கெடுத்துவிடும். நில இணைப்பும் மின்னழுத்தத் தடுப்புக் கருவியும் இருந்தால் சேதம் குறையும். வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

உள்ளிருப்பவர் வெளியேற வேண்டும்

திருடனைத் தடுக்கும் பூட்டு, தீ பிடித்த இரவில் வீட்டாரையே சிறைப்படுத்திவிடலாம். இரும்புக் கம்பிக் கதவுகளின் சாவியை எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வைக்குமாறு மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை பொதுமக்களுக்குத் தொடர்ந்து நினைவூட்டி வருகிறது. புகை சூழ்ந்த இருட்டில் சாவியைத் தேடி அலைய நேரம் இருக்காது.

மின்சாரம் தடைப்பட்டால் மின்கதவு என்னாகும் என்பதும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். மாற்று மின்கலம் இருந்தால் கதவு சில முறை திறக்கும். அதுவும் தீர்ந்துபோனால், மோட்டாரை விடுவிக்கும் தனிச் சாவியால் கையாலேயே திறக்கலாம். அந்தச் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்ப வேண்டும் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. தாத்தா, பாட்டி, பள்ளி செல்லும் பிள்ளைகள் என அனைவரும் ஒருமுறையேனும் தம் கையால் திறந்து பழக வேண்டும். உதவி வண்டி வாசலில் காத்து நிற்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

ஒப்பந்தமும் பராமரிப்பும்

கட்டுமானத்தில் மாற்றம் செய்வதாயின், தூணையோ மதிலையோ இடித்துக் கட்டுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தின் விதிகளைக் கேட்டறிய வேண்டும். ஈப்போ நகரில் அது ஈப்போ மாநகர் மன்றத்தின் பொறுப்பாகும். மலேசியாவில் இத்தகைய பணிகளுக்கு 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அடிப்படையாக உள்ளது. வீட்டின் முன்னுள்ள கால்வாயை அடைக்காமலும் அண்டை வீட்டாரின் சுவரைச் சேதப்படுத்தாமலும் வேலை நடக்க வேண்டும்.

குறைந்தது மூன்று பட்டறைகளில் விலை கேட்டு ஒப்பிடலாம். அளவு, பொருளின் தரம், மோட்டாரின் வகை, உத்தரவாதக் காலம், வேலை முடியும் நாள் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு பெற வேண்டும. சிக்கல் எழுந்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளுக்குப் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. எழுத்திலுள்ள ஒப்பந்தமே அங்கே வலுவான சான்றாகும்.

கதவு பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. கீலுக்கும் சக்கரத்துக்கும் அவ்வப்போது மசகு இட வேண்டும். தண்டவாளக் குழியிலுள்ள கல்லையும் சருகையும் அகற்ற வேண்டும். அங்கே நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். பற்றவைத்த இணைப்புகளில் சிறு துருப்புள்ளி தென்பட்டதுமே தேய்த்துச் சாயம் பூச வேண்டும். உருளையும் தடுப்பும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வருமுன் காப்பதே சிறப்பு.

லயத்தில் அண்டை வீட்டாரின் கண்கள் செய்த காவலை இன்று இரும்பும் பூட்டும் மட்டும் செய்துவிட முடியாது. அவசர வேளையில் குரல் கொடுத்தால் ஓடிவரும் அயலார் இன்றும் தேவை. நல்ல வாயிற்கதவு தேவையானபோது உறுதியாக மூடும். தேவையானபோது ஒரு குழந்தையின் கைக்கும் திறக்கும். அழகும் விலையும் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

கருத்துணர் கேள்விகள்

1. வாயிற்கதவின் மூன்று கடமைகள் யாவை?
2. அவசரகாலத்தில் தோட்டக் குடியிருப்புகளின் வாயில்களுக்கும் இன்றைய வீட்டு வாயிற்கதவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. 20 அடி அகலமுள்ள வரிசை வீட்டுக்குச் சாதாரண நகர்கதவு ஏன் பொருந்தாது? கணக்கிட்டுக் காட்டுக.
4. கிந்தா பள்ளத்தாக்கில் தூண்களை அமைக்கும்போது கூடுதல் கவனம் ஏன் தேவைப்படுகிறது?
5. உன் வீட்டு வாயிற்கதவைக் கூர்ந்து நோக்கு. அதன் பாதுகாப்பை மேம்படுத்தச் செய்ய வேண்டிய மூன்று மாற்றங்களைக் காரணத்தோடு எழுதுக.